அரிசிச் சாக்கு, நீல டிரம், மக்கும் பை: மாடித்தோட்டக் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் மாடித்தோட்டம்தான் அதிகம். செடியைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. செடி எதில் இருக்கிறது என்பதில்தான் எல்லோருக்கும் சந்தேகம்.

கேள்வி: எங்கள் வீட்டில் மாதம் ஓர் அரிசிச் சாக்கு காலியாகிறது. வீணாக்க மனமில்லாமல் அவற்றில் மண் நிரப்பி மாடியில் தக்காளியும் கத்தரியும் வைத்தேன். சித்திரை வந்ததும் சாக்குகள் நார் நாராகக் கிழிந்து, மண் தளமெங்கும் கொட்டிவிட்டது. கடையில் செடி வளர்க்கவென்றே விற்கும் குரோ பேக் கேட்டால், ‘ஐந்து வருடம் உழைக்கும், ஒன்று 120 ரூபாய்’ என்கிறார்கள். இரண்டும் பார்க்க ஒரே சாக்காகத்தானே இருக்கின்றன? (வாசகி, திருநகர்)

பதில்: பார்வைக்கு ஒன்றுதான் அம்மா. இரண்டுமே பிளாஸ்டிக் பட்டைகளை நெய்து செய்தவை. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக்கை உருக்கும்போதே புற ஊதாக் கதிரைத் தாங்கும் மருந்து ஒன்றைச் சேர்ப்பார்கள். நல்ல குரோ பேக்கில் அது இருக்கும். அரிசிச் சாக்கின் வேலையோ ஆலையில் தொடங்கி உங்கள் அடுக்களையில் முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் நிழலிலேயே வாழ்கிற பொருளுக்கு வெயில் மருந்து சேர்க்க ஆலைக்காரருக்கு என்ன அவசியம்? (உங்கள் சாக்கில் 26 கிலோ என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். 25 கிலோ வரை அடைத்து விற்கும் அரிசிக்கு 2022 ஜூலையில் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும், ஒரு கிலோ கூட்டி வரம்பைத் தாண்டிய சாக்கு அது. நம் வியாபாரிகள் கணக்கில் கெட்டிக்காரர்கள்.)

கிழிந்து கொட்டிய மண்ணை அள்ளிவிடலாம். சாக்கின் துணுக்குகளை அள்ள முடியாது. அதுதான் பெரிய தொல்லை. வெயில் படும் பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தாலோ, பட்டை மடிக்கும்போதே ஒடிந்தாலோ, சாக்கின் ஆயுள் முடிந்தது. அதற்குமேல் ஒரு வாரம் விட்டாலும் நூல் நூலாக மண்ணில் கலந்துவிடும், மக்கவும் மக்காது. பளபளப்பாகப் படம் அச்சிட்ட சாக்குகளில் மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அது முதலில் உரிந்து காற்றில் பறக்கும்.

ஆனாலும் அரிசிச் சாக்கை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். ஆடிப்பட்டத்தில் போட்டு மார்கழி, தையில் முடிகிற பயிருக்கு அது தாராளமாகப் போதும். கீரைக்கு ஒரு மாதம்தான் வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சாக்கைச் செருகி, வாயை வெளிப்பக்கமாக இருமுறை மடித்துவிட்டு, கைப்பிடிச் சுவரின் நிழலில் வையுங்கள். மாசி பிறந்ததும் மண்ணை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, சாக்கு முழுதாக இருக்கும்போதே பழைய சாமான்காரரிடம் போட்டுவிடுங்கள். மதுரையில் வெப்பம் 40 பாகையை (டிகிரி செல்சியஸ்) தாண்டும் சித்திரை, வைகாசியை அதன் கண்ணில் காட்டக் கூடாது.

கறிவேப்பிலை, எலுமிச்சை போல வருடக்கணக்கில் நிற்பவற்றுக்கு மட்டும் குரோ பேக் வாங்குங்கள். ‘ஐந்து வருடம்’ என்பது கடைக்காரரின் வாய்ப்பந்தல். அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால், 120 ரூபாயை இரண்டு கோடைக்கு வகுத்துப் பார்த்து, கட்டுப்படியானால் வாங்குங்கள். ஜி.எஸ்.எம். எவ்வளவு என்று கேளுங்கள். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை என்பதுதான் அது, கூடினால் துணி தடிமன். இன்னொன்றையும் பாருங்கள்: தையல் நூல். பை நன்றாக இருக்கும்போதே வெயிலில் நூல் இற்று அடி பிரிந்துபோகும் பைகள் சந்தையில் நிறைய. தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து வாங்குவதில் வெட்கம் எதற்கு?

கேள்வி: பால் பாக்கெட் உறைகளில் நாற்று வளர்க்கலாமா? எறும்பு மொய்க்கிறது. (வாசகர், எல்லிஸ் நகர்)

பதில்: தாராளமாக வளர்க்கலாம். அரை லிட்டர் உறை ஒரு மிளகாய் நாற்றுக்கு அளவான வீடு. எறும்பு வருவது ஓரங்களில் தங்கிய பாலுக்காக. காலி செய்த உடனே உள்பக்கத்தைத் திருப்பி அலசினால் வராது. உறையை வெட்டும்போது மூலையைத் தனியாகத் துண்டிக்காதீர்கள். அந்தச் சின்ன முக்கோணத் துண்டுதான் குப்பையில் யார் கைக்கும் சிக்காமல் சாக்கடைக்குப் போகிறது. மேல் விளிம்பைப் பாதி வெட்டி, ஒட்டியபடியே விட்டுவிடுங்கள். அடியில் நான்கைந்து துளை போடுங்கள். நாற்றைப் பிடுங்கி நட்டபின் உறையைக் கழுவிச் சேர்த்து எடைக்குப் போடலாம்.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் நீல நிற பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்துத் தொட்டியாக விற்கிறார்கள். ‘எண்ணெய் டிரம்தான்’ என்றார் கடைக்காரர். இரண்டு வாங்கிவிட்டேன். தண்ணீர் ஊற்றினால் ஒரு காட்டமான வாசனை வருகிறது. கீரை போடலாமா? (வாசகர், அலங்காநல்லூர்)

பதில்: போடாதீர்கள். எந்த எண்ணெய் என்று கேட்டீர்களா? கடலை எண்ணெயும் எண்ணெய்தான், இன்ஜின் ஆயிலும் எண்ணெய்தான்.

டிரம்மின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருக்கலாம். அது பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்லுமே தவிர, உள்ளே என்ன இருந்தது என்று சொல்லாது. தொழிற்சாலை ரசாயனங்களும் இதே நீல டிரம்களில்தான் வருகின்றன. இந்தப் பிளாஸ்டிக் சிலவகை ரசாயனங்களைத் தன் சுவருக்குள் உறிஞ்சிக்கொள்ளும். சோப்புப் போட்டு எத்தனை முறை கழுவினாலும் வாசனை திரும்ப வருகிறது என்றால், அது ஊறிப்போய்விட்டது என்று அர்த்தம்.

வாங்குவதற்கு முன் ஒட்டுத்தாள் இருக்கிறதா, சுரண்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுரண்டியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பூச்சிமருந்துக் கலன்களில் சாய்சதுரம் ஒன்று அச்சிட்டிருக்கும். அதில் சிவப்பு என்றால் கொடிய நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் படிப்படியாகக் குறையும். பச்சையாக இருந்தாலும் அந்தக் கலனைத் தோட்டத்துக்கோ தண்ணீர் பிடிக்கவோ எடுக்கக் கூடாது. காலிக் கலன் மறுபடி புழக்கத்துக்கு வரக் கூடாது என்று 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளே சொல்கின்றன. உங்கள் ஊர்ப்பக்கம் வயல் வரப்பில் கிடக்கும் டப்பாக்களைப் பார்த்தால் அந்த விதி யாருக்குத் தெரியும் என்றுதான் தோன்றுகிறது.

உங்கள் டிரம்களைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். ஊறுகாய், பழக்கூழ் வந்த டிரம் கேட்டால் கிடைக்கும். புளிப்பு வாசனைதான் வரும், அது போய்விடும். அப்படியொன்று கிடைத்தால் அதில் மல்லிகையே வைக்கலாம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு, ராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடத்துப் பதியன் நாற்றுகளுக்குத்தான் பெயர். ஆழமான தொட்டியும் அடியில் நல்ல வடிகாலும் இருந்தால் மாடியிலும் பூக்கும்.

கேள்வி: மீன் கடையில் தெர்மாகோல் பெட்டி சும்மா தருகிறார்கள். பயன்படுமா? (வாசகி, கரிமேடு)

பதில்: தெர்மாகோல் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு வைகை அணை நினைவுக்கு வந்துவிடும். 2017 ஏப்ரலில், தண்ணீர் ஆவியாகாமல் இருக்க மிதக்கவிட்ட அட்டைகளைக் காற்று கரைக்குத் தள்ளிவிட்டதல்லவா? மாடியிலும் காற்று அதைத்தான் செய்யும்; பெட்டியில் மண் நிறையும்வரை மேலே கல் வையுங்கள். வெயில் நேராகப் பட்டால் உதிரும், காகம் கொத்தும். வேருக்குச் சூடு ஏறாமல் காப்பது மட்டும் அதன் நல்ல குணம். உப்பு போக அலசி, துளையிட்டு, நிழலில் புதினா வையுங்கள்.

கேள்வி: ‘நூறு சதவீதம் மக்கும் பை’ என்று அச்சிட்ட பைகளைச் சமையலறைக் கழிவோடு உரத்தொட்டியில் போட்டேன். ஆறு மாதமாகியும் அப்படியே இருக்கின்றன. ஏமாற்றப்பட்டேனா? (வாசகர், மேலூர்)

பதில்: பையைப் பார்க்காமல் சொல்ல முடியாது, ஆனால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். மக்கும் பிளாஸ்டிக்கை ஐ.எஸ். 17088 என்ற தர விதியின்படி சோதிக்கும்போது ஏறத்தாழ 58 பாகை வெப்பத்தில் மாதக்கணக்கில் வைக்கிறார்கள். பெரிய உரக்கிடங்குகளில் அந்தச் சூடு தானாக எழும். வீட்டு மண்தொட்டியில் அந்தச் சூடு நீடிக்காது. ஆகவே உண்மையான பைகூட உங்கள் தொட்டியில் மக்காமல் கிடக்கலாம். அதைத் தெளிவாகச் சொல்லாமல் விற்பது என் கணக்கில் பாதி ஏமாற்றுத்தான்.

முழு ஏமாற்று வேறு. பையின் மேல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் எண்ணும் தயாரிப்பாளர் பெயரும், இல்லையென்றால் அவற்றைக் காட்டும் கியூ.ஆர். குறியீடாவது இருக்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால், அது பச்சை நிறத்தில் அச்சிட்ட சாதாரணப் பிளாஸ்டிக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். பையையும் பில்லையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். தொட்டியில் கிடக்கும் பைகளை இப்போதே பொறுக்கி, ஒன்றை மட்டும் சாட்சிக்குக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள்.