லாரி வந்தால் கதை முடிந்துவிடுமா?

கேள்வி: பனியன் கம்பெனியில் பவர் டேபிள் தைக்கும் செல்வியைப் பற்றி ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். அண்ணன் பைக் வாங்குவதற்காக அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துவிடுகிறான். செல்வி தீபாவளி போனஸ் பணத்தில் அதை மீட்கிறாள். வீடு திரும்பும் வழியில் லாரி மோதி இறந்துபோகிறாள். படித்த தோழிகள் அழுதார்கள். ஆனால் இரண்டு பத்திரிகைகளிலிருந்து கதை திரும்பி வந்துவிட்டது. அண்ணன் திருந்தி மன்னிப்புக் கேட்பதாக ஒரு முடிவும், சங்கிலியை மீட்டதே கனவு என்று இன்னொரு முடிவும் எழுதி வைத்திருக்கிறேன். மூன்றில் எது வாசகர் மனத்தில் நிற்கும்? கதையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: மூன்றும் வேண்டாம், சகோதரி.

கதையை முழுவதும் படித்தேன். அடகுக் கடை வாசலில் நின்றபடி செல்வி வட்டிக் கணக்கை மனத்துக்குள்ளேயே போட்டுப் பார்க்கும் இடம் பிரமாதம். அப்படி எழுதத் தெரிந்தவர் கடைசிப் பக்கத்தில் லாரியைக் கூப்பிடலாமா? அந்த லாரிக்குச் செல்வி யாரென்றே தெரியாது. அவளுக்குப் பதில் தெருவில் வேறு யார் வந்திருந்தாலும் மோதியிருக்கும். தோழிகள் அழுததை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். நல்ல பெண் ஒருத்தி செத்தாள் என்றால் கதையே இல்லாமலும் நமக்கு அழுகை வரும்.

கனவு முடிவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. கிழித்துப் போடுங்கள். அண்ணன் திருந்துவதாக எழுதலாம்தான். ஆனால் உங்கள் கதையில் அவன் ஓர் இடத்தில்கூட வாய் திறந்து பேசவில்லை. பேசாதவன் கடைசிப் பத்தியில் வந்து காலில் விழுந்தால் யார் நம்புவார்கள்?

நெடுநாள் மனத்தில் தங்கிவிட்ட முடிவுகளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே யாரோ ஒருவர், வேறு விதமாகவும் செய்திருக்கக்கூடிய ஒன்றைச் செய்திருப்பார். ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனந்த விகடனில் 1966-இல் வந்தது. மழையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த கல்லூரி மாணவி முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறிவிடுகிறாள். நடக்கக் கூடாதது நடந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதுகொண்டே சொல்கிறாள். அந்த அம்மா ஒன்றும் தெய்வப் பிறவி அல்ல; முதலில் மகளைப் போட்டு அடிக்கத்தான் செய்கிறாள். பக்கத்துக் குடித்தனத்திலிருந்து என்னவென்று விசாரிக்கிறார்கள். மகள் மழையில் தொப்பலாக நனைந்து வந்துவிட்டாள் என்று ஒரு பொய் சொல்லிச் சமாளிக்கிறாள். கதை திரும்புவது அந்தப் பொய்யில்தான். பிறகு மகளை உட்காரவைத்துத் தலையில் தண்ணீரைக் கொட்டுகிறாள், நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். ஊர் கொதித்தது. கண்டித்துக் கடிதங்கள் குவிந்தன. முடிவில் தாய்க்கு இரண்டு வழியும் திறந்திருந்தன என்பதும், அவள் ஒன்றைத் தேர்ந்துகொண்டாள் என்பதும் வாசகர்களுக்குப் புரிந்திருந்தது. அதனால்தான் அவ்வளவு கோபம். லாரி மேல் யாரும் கோபித்துக்கொண்டு கடிதம் எழுதுவதில்லை.

ஜெயகாந்தன் அதோடு நிற்கவில்லை. அந்தத் தாய் பொய் சொல்லாமல் ஊரறியக் கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தார். அண்ணன் அவளை வீட்டைவிட்டுத் துரத்துகிறான், அவள் வாழ்க்கையே வேறு திசையில் போகிறது. அதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல். 1972-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது அதற்குத்தான். ஒருத்தியின் ஒரு நிமிடத் தீர்மானத்தை மாற்றியதும் ஒரு சிறுகதைக்குள்ளிருந்து முழு நாவல் எழுந்து வந்துவிட்டது!

திடீர்த் திருப்பம் வேண்டும் என்பவர்களுக்கும் இதையே சொல்வேன். ஓ. ஹென்றியின் அந்தக் கிறிஸ்துமஸ் கதையில் கணவனின் கைக்கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்க மனைவி தன் கூந்தலை விற்கிறாள் என்று பலரும் சொல்வார்கள். கைக்கடிகாரம் இல்லை, அது சட்டைப்பைக் கடிகாரம், போகட்டும். அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்கக் கணவன் அந்தக் கடிகாரத்தையே விற்றுவிட்டு வந்து நிற்கிறான். விற்கச் சொல்லி யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கடிகாரம் வழியில் திருட்டுப் போயிருந்தால் அதே திருப்பம் வெறும் துரதிர்ஷ்டமாகியிருக்கும்.

புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ இன்னும் ஒரு படி மேலே. கல்லாகிக் கிடந்த அகலிகை ராமன் பாதம் பட்டுப் பெண்ணாகிறாள். சீதையைத் தீக்குளிக்க வைத்தவனும் அதே ராமன்தான் என்று பின்னால் தெரியவரும்போது மீண்டும் கல்லாகிறாள். இரண்டு முறையும் கல்தான். ஆனால் இரண்டாம் முறை சபிக்க எந்த முனிவரும் வேண்டியிருக்கவில்லை.

சரி, செல்விக்கு வருவோம். இரண்டாம் பக்கத்தில் அவளுடைய அம்மா ஒரு வாக்கியம் பேசுகிறாள்: “ஆம்பளப் புள்ள ஆசைப்பட்டான், விடு.” நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அங்கேயே தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் திருடவில்லை, அம்மாவே கழற்றிக் கொடுத்திருக்கிறாள்! அப்படியானால் சங்கிலியை மீட்பதோடு கதை முடியாது. அடுத்த முறை அவன் கேட்டாலும் அந்தக் கை கழுத்துக்குத்தான் போகும். செல்விக்கு இது தெரியாமலா இருக்கும்? அடகுச் சீட்டைக் கொடுத்து நகையை வாங்கியவள் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது இதைத்தானே நினைத்துக்கொண்டிருப்பாள்?

அம்மாவிடமே கொடுக்கிறாளா, தன் கழுத்தில் போட்டுக்கொள்கிறாளா, மீட்டதையே சொல்லாமல் மறைக்கிறாளா என்பதை நான் சொல்ல மாட்டேன். எதைச் செய்தாலும் அவளுக்கு ஏதாவது ஒன்று கைவிட்டுப் போக வேண்டும். அவள் வாசலை எட்டும் முன்பே நிறுத்திவிட்டு, வாசகர் யூகத்துக்கு விட்டதாகச் சொல்லித் தப்பிக்கவும் வேண்டாம். அதற்குப் பின் வீட்டில் என்ன நடந்தது என்பதை வேண்டுமானால் எழுதாமல் விடலாம்.

‘விதி வலியது’ என்ற கடைசி வரி லாரியோடு சேர்ந்து போய்விடும் என்பதால் அதைத் தனியாகச் சொல்லவில்லை. புதிய முடிவை எழுதிய பிறகு தலைப்பையும் ஒரு முறை பாருங்கள். ‘செல்வியின் கடைசி தீபாவளி’ இனிப் பொருந்தாது.