பெரிய கோயில் ஏன் பின்னால் சாய்கிறது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: குடும்பத்தோடு தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனோம். மொபைலில் எடுத்த எல்லாப் படத்திலும் விமானம் பின்பக்கம் சாய்ந்து விழுகிற மாதிரியே இருக்கிறது. கோளாறு மொபைலிலா, என் கையிலா? (வாசகர், கரூர்)

பதில்: இரண்டிலும் இல்லை, நீங்கள் நின்ற இடத்தில். 200 அடியைத் தாண்டிய விமானத்தை நந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில் நின்று முழுசாகப் பிடிக்க வேண்டுமென்றால் மொபைலை அண்ணாந்து சாய்த்தே ஆக வேண்டும், சாய்த்த உடனே நேர்கோடுகள் எல்லாம் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கி, கட்டடம் மல்லாக்க விழுவது போல ஆகிவிடும். 0.5 வைடுக்கு (அகலமாகக் காட்டும் லென்ஸுக்கு) மாற்றினாலும், மொபைலைச் சாய்த்தால் இதே கதைதான். தள்ளிப் போங்கள். வளாகம் கிழக்கு மேற்காகச் சுமார் 240 மீட்டர் நீளம், இடத்துக்குப் பஞ்சமில்லை. ராஜராஜன் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் இடது கைப் பக்கம் தென்கிழக்கு மூலைக்குப் போய், மொபைலைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து எடுத்துப் பாருங்கள். கீழே தரை நிறைய வரும், வரட்டும், அப்புறம் வெட்டிக்கொள்ளலாம்.

எடிட்டிங்கில் நிமிர்த்தவும் முடியும், ஆனால் அதற்காகச் சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு எடுத்திருக்க வேண்டும். நிமிர்த்தும்போது 13 தளங்களாகக் குறுகிக்கொண்டே போகிற மேல்பகுதியைப் பார்த்து அளவு வைக்காதீர்கள், அது இயல்பாகவே சரிவுதான். கீழே இரண்டு அடுக்காகச் செங்குத்தாக நிற்கும் கருவறைச் சுவரின் அரைத்தூண்களைப் பாருங்கள், அவை நேராக நின்றால் போதும். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்னமும் சொல்கிறார்கள் இல்லையா? காலையில் மேற்குப் பக்கம் போய் அந்த நிழலையும் ஒரு படம் எடுத்து வாருங்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உதவும்.

கேள்வி: மாமல்லபுரத்துக்கு எந்த நேரத்தில் போனால் படம் நன்றாக வரும்? (வாசகி, திண்டிவனம்)

பதில்: காலையில். அர்ஜுனன் தபசுப் பாறை கிழக்குப் பார்த்தது, மதியத்துக்கு மேல் நிழலுக்குள் போய்விடும். ஆனால் சூரியன் எழுந்த சூட்டோடு ஓடாதீர்கள். வெயில் நேராக முகத்தில் அடிக்கும்போது சிற்பங்கள் தட்டையாகிவிடும், கொஞ்சம் மேலே ஏறிச் சாய்வாக விழும்போதுதான் ஒவ்வொரு உருவத்துக்கும் கீழே நிழல் விழுந்து செதுக்கலின் ஆழம் தெரியும். முழுப் பாறையையும் எடுத்த கையோடு, யானைகளின் அருகே முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்கிற பூனையையும் அதைச் சுற்றியுள்ள எலிகளையும் ஜூம் பண்ணி எடுங்கள், அதைப் பார்க்காமலே திரும்புகிறவர்கள் ஏராளம். கடற்கரைக் கோயில் வேறு கணக்கு. நிலத்தின் பக்கமிருந்து விடியலில் எடுத்தால் கரிய நிழலுருவம்தான் கிடைக்கும், அதுதான் வேண்டுமென்றால் சரி.

கேள்வி: ட்ரைபாட் கொண்டுபோகலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: இந்தியத் தொல்லியல் துறை பராமரிக்கும் இடங்களில் முன்அனுமதி இல்லாமல் முடியாது, ட்ரோனும் அப்படியே. தாஜ்மகாலில் கல்லறை மண்டபத்துக்குள் படமே எடுக்கக் கூடாது. கோயில்களுக்குள் மொபைலுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. மீனாட்சி அம்மன் கோயிலில் மொபைலை வெளியிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காவலரோடு வாக்குவாதம் வேண்டாம், விதியை எழுதியவர் அவரில்லை.

கேள்வி: மகளைப் பார்க்கப் பாரிஸ் போகிறேன். ஈபிள் கோபுரத்தை இரவில் படம் எடுப்பது குற்றம் என்கிறார்களே? (வாசகி, கோவை)

பதில்: எடுங்கள், தாராளமாக. கோபுரம் 1889இல் கட்டியது, அதற்கு இப்போது காப்புரிமை கிடையாது. இரவில் அதை ஒளிரவைக்கும் விளக்கமைப்புக்குத்தான் உரிமை கோருகிறார்கள், அதுவும் படத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால்தான் அனுமதி கேட்கும் பேச்சு வரும். உங்கள் ஆல்பத்தைத் தேடி யாரும் வரப்போவதில்லை. இருட்டிய பிறகு மணிக்கொரு தரம் 5 நிமிடம் கோபுரம் முழுக்க மினுமினுக்கும், அதற்குக் காத்திருங்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா கட்டிய வீட்டை அடுத்த மாதம் இடிக்கப்போகிறார்கள். வரலாற்றுச் சின்னமெல்லாம் இல்லை, சாதாரண ஓட்டு வீடு. நினைவுக்காக எப்படி எடுப்பது? (வாசகர், தேவகோட்டை)

பதில்: இந்த வாரம் வந்த கடிதங்களில் எனக்கு முக்கியமானது இதுதான். தாஜ்மகாலை உலகமே எடுத்து வைத்திருக்கிறது, உங்கள் தாத்தா வீட்டை உங்களை விட்டால் யார் எடுப்பார்கள்? மேகம் மூடிய நாளாகப் பாருங்கள், வெயில் நாளில் முற்றம் வெளுத்துப்போய்த் தாழ்வாரம் இருண்டுவிடும். முதலில் தெருவிலிருந்து வாசலை நேருக்கு நேராக. அப்புறம் ஒவ்வொரு அறையையும் எதிரெதிர் மூலைகளில் நின்று இரண்டு படம், அண்ணாந்து உத்தரமும் ஓடும், குனிந்து தரை. ஃபிளாஷ் வேண்டாம், சுண்ணாம்புச் சுவரின் வழவழப்பை அது சாப்பிட்டுவிடும். ஒரு தூணுக்குப் பக்கத்தில் யாரையாவது நிற்கவையுங்கள், உயரம் தெரியட்டும். கதவின் தாழ்ப்பாளை எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அடி ஸ்கேலை வையுங்கள்.

தயவுசெய்து வீட்டை ஒழுங்குபடுத்திவிட்டு எடுக்காதீர்கள். புகை படிந்த அடுப்படிச் சுவர், காலண்டர் மாட்டிய ஆணி, பிள்ளைகளின் உயரத்தைக் கோடு போட்டு வைத்த நிலைப்படி, இதெல்லாம்தான் வீடு. வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூடவே நடத்திக் கூட்டிப்போய், எந்த அறையில் யார் பிறந்தார்கள், நெல் எங்கே கொட்டினார்கள் என்று அவர் சொல்வதை மொபைலிலேயே பதிவு செய்துவிடுங்கள். படங்களை இரண்டு இடத்தில் சேமியுங்கள், ஒன்று வெளியூரில் இருக்கும் தம்பியிடம்.

கேள்வி: இதற்கெல்லாம் நல்ல கேமரா ஒன்று சொல்லுங்களேன்? (வாசகர், சேலம்)

பதில்: இப்போதைக்கு மொபைல் போதும். அந்தப் பணத்துக்குத் தஞ்சாவூருக்கு டிக்கெட் எடுங்கள்.