பக்கவாதத்துக்குப் பிறகு: எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்?

கேள்வி: நாங்கள் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். என் மாமனாருக்கு (64) பக்கவாதம் வந்து, கோவையில் சேர்த்துப் பார்த்தோம். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். அங்கே எழுதிக் கொடுத்த மாத்திரைகளை இங்குள்ள கடையில் வேறு பெயரில், குறைந்த விலையில் தருகிறார்கள். நம்பி வாங்கலாமா? இந்துப்பு, சோடியம் குறைந்த உப்பு, புரோட்டீன் பவுடர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இதற்கிடையே, 48 நாளில் வாதம் குணமாகும் என்ற விளம்பரத்தைப் பார்த்து என் கணவர் பொள்ளாச்சியில் 7,500 ரூபாய்க்கு லேகியம் வாங்கி வந்துவிட்டார். அதைச் சாப்பிடும்போது இங்கிலீஷ் மருந்தை நிறுத்த வேண்டுமாம். என்ன செய்வது?

பதில்: டாக்டர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள், ஒரு நாள்கூட. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும், கொழுப்பு, பிரஷர் மாத்திரைகளும் இன்னொரு அடைப்பு வராமல் காப்பதற்காகத் தரப்படுபவை. கைகாலுக்குப் பலம் திரும்புவது பெரும்பாலும் பிசியோதெரபியால். மாத்திரை போட்டும் கை தூக்க வரவில்லையே என்று சலித்து நிறுத்துகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

அட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் சீட்டோடு ஒத்துப் பாருங்கள். குளோபிடோக்ரல் 75 என்றால் எந்தக் கம்பெனி செய்தாலும் அதே மருந்துதான். மத்திய அரசின் மக்கள் மருந்தகம், உங்கள் பக்கத்தில் கேரள அரசு நடத்தும் காருண்யா மருந்தகம், 2025இல் தமிழ்நாட்டில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் என்று விலை குறைவான கடைகளில் தாராளமாக வாங்கலாம். பேட்ச் எண் போட்ட பில் கேளுங்கள். சீட்டில் வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் ஒரு மருந்து) இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கம்பெனியை மாற்ற வேண்டாம். அதை எடுப்பவர் கீரையையும் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது.

எனக்குக் கவலை வேறு. கோவையில் வாங்கிய அட்டையில் மிச்சம் இருக்கும், இங்கே வாங்கியதும் இருக்கும். இரண்டும் வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் கொடுத்துவிடுவார்கள். ஆஸ்பிரினும் கொழுப்பு மருந்தும் ஒரே மாத்திரையில் சேர்ந்தும் வருவதால் இந்தக் குழப்பம் இன்னும் எளிதில் நேரும். ரத்தம் இளக்கும் மருந்து இரட்டிப்பானால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மருந்தாளுநரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இந்துப்புக்கு அதிகம் கொடுக்காதீர்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும், டெல்மிசார்டான், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை எடுப்பவருக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பைக் கெடுக்கலாம். டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். சாதாரண உப்பையே குறையுங்கள்: எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். அப்பளம், ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய், நேந்திரங்காய் சிப்ஸ் வழியாக வருவதும் அதில் அடக்கம்.

புரோட்டீன் பவுடருக்குச் செலவழிக்குமுன் கஞ்சியும் பயறும், முட்டை, குழம்பில் போட்ட மத்தி மீன் கொடுத்துப் பாருங்கள். தண்ணீர் குடிக்கும்போது இருமினாலோ, குரல் நனைந்த மாதிரி மாறினாலோ விழுங்குவதில் சிக்கல். எதைக் கொடுப்பது என்பதைப் பேச்சுப் பயிற்சி நிபுணரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். படுக்க வைத்து எதையும் புகட்டாதீர்கள்.

சரி, லேகியம். பக்கவாதத்தைக் குணமாக்கும் என்று மருந்து விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மருந்து, மந்திர சிகிச்சை விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. பதிவு பெற்ற ஆயுர்வேத, சித்த வைத்தியர் பார்ப்பது வேறு. அவரிடமும் இப்போது போடும் மாத்திரைகளைக் காட்ட வேண்டும். இந்த லேகியத்தைக் கொடுக்காதீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லுங்கள். தரவில்லை என்றால், தமிழ்நாட்டில் வாங்கியதற்காக எல்லை தாண்டி அலைய வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். பில் இல்லையென்றால் போனில் பணம் அனுப்பிய பதிவும் ஆதாரமாகும். டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள், விளம்பரத்தையும் படம் பிடித்து வையுங்கள்.