சிங்கப்பூரில் கிராமத்தார் நகரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறார்களா?

மற்ற நாடுகளில் கிராமத்து ஆட்கள் பஸ்ஸேறி நகரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள், இங்கேயும் அப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, இங்கே கதையே தலைகீழ்.

1960இல் வீவக, அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வந்தது, 1966இல் நில எடுப்புச் சட்டம். கம்பம் (இங்கே கிராமத்துக்கு அதுதான் பெயர்) மெல்ல நகரமாக மாறவில்லை. ஆட்களைத்தான் அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். சிங்கப்பூரின் பெரிய தீவில் இன்று மிஞ்சியிருக்கும் கம்பம் லோரோங் புவாங்கோக் ஒன்றுதான்.

பக்கத்திலுள்ள புலாவ் உபின் என்ற சின்னத் தீவு இன்னும் சுவாரசியம். கருங்கல் குவாரிகள் ஓடிய 1970களில் அங்கே ஏறத்தாழ 2,000 பேர். 1985இல் பள்ளிக்கூடம் மூடியது, 1999இல் கடைசிக் குவாரியும். பள்ளி போனதும் பிள்ளை வைத்திருப்பவர்கள் எப்படித் தங்குவார்கள்? இப்போது சில டஜன் பேர்தான்.

ஒருநாள் காலையில், உபினுக்குப் படகு ஏறும் சாங்கி படகுத்துறைக்குப் போய்ப் பாருங்கள். 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். உபினில் சைக்கிள் வாடகைக் கடை வைத்திருப்பவரும் கையில் காப்பிப் பொட்டலத்தோடு நம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு வீடு நகரத்தில், வேலை கிராமத்தில். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு அதே படகில் திரும்பிவிடுவார். சனி, ஞாயிறு என்றால் கூட்டம் தாங்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.