பொன் விகிதத்தில் எழுதிய ஐந்து

அன்புள்ள ஐயா,

பத்துக்குப் பதில் பொன் விகிதத்தை (1.618...) அடிமானமாக வைத்து முழு எண்களை எழுதலாம், 5 அதில் 1000.1001 என்று முடிந்துவிடும் என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். அதை பிளஸ் டூ வகுப்பில் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "1.618... என்பதே முடியாமல் ஓடுகிற எண். அதை வைத்து எழுதினால் 5 மட்டும் எப்படி முடியும், மிஸ்? எங்கேயோ தோராயமாக வெட்டியிருப்பார்கள்" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உண்மையிலேயே முடிகிறதா?

ஒரு கணித ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

முடிகிறது. எங்கும் வெட்டவில்லை. ஆனால் உங்கள் மாணவி கேட்டது கேட்க வேண்டிய கேள்வி. முதன்முதலில் கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்து 4.9999 என்று வந்தபோது எனக்கும் அதே சந்தேகம்தான்.

தசமத்தில் ஓர் இடத்தின் மதிப்பு வலப்பக்கத்து இடத்தைப் போலப் பத்து மடங்கு. இங்கே 1.618... மடங்கு. இலக்கங்கள் 0, 1 இரண்டே. பொன் விகிதத்தோடு ஒன்றைக் கூட்டினால் அதன் வர்க்கம் வரும். நமக்கு வேண்டியது இந்தச் சமன்பாடு ஒன்றுதான். இடமதிப்பில் சொன்னால், பக்கத்துப் பக்கத்து இரண்டு 1-கள் சேர்ந்து இடப்பக்கம் ஒரே 1 ஆகும்: 011-ம் 100-ம் ஒன்று.

இனி பலகையில் போடுங்கள். 1-ஐ 0.11 என்று உடைக்கலாம். அதோடு இன்னொரு 1 கூட்டினால் 1.11. முதல் இரண்டு 1-களைச் சேர்த்தால் 10.01. இதுதான் 2. இன்னொரு 1 கூட்ட 11.01, அதாவது 100.01. இது 3. அடுத்து 101.01, இது 4. ஐந்துக்குப் போகும்போது ஒற்றை இடத்தில் 2 வந்து நிற்கும்: 102.01. எந்த இடத்தில் 2 வந்தாலும், ஓரிடம் இடப்பக்கம் ஒரு 1, ஈரிடம் வலப்பக்கம் ஒரு 1 என்று பிரித்துவிடலாம். பிரித்தால் 110.02. இடப்பக்கத்து 11 சேர்ந்து 1000.02. கடைசி 2-ஐயும் பிரித்தால் 1000.1001. ஐந்து முடிந்துவிட்டது.

இவ்வளவு நேரமும் 1.618 என்ற எண்ணை நாம் தொடவே இல்லை. இதை அந்த மாணவிக்குக் காட்டுங்கள். தொடாத எண்ணை எங்கே வெட்டுவது?

இந்த எழுத்துமுறையை 1957-ல் வெளியிட்ட அமெரிக்கர் ஜார்ஜ் பெர்க்மன் அப்போது பள்ளி மாணவர். பிற்பாடு பெர்க்லியில் கணிதப் பேராசிரியர் ஆனார். எந்த முழு எண்ணை எடுத்தாலும் இதில் முடிந்துவிடும். இதையும் வகுப்பில் அவசியம் சொல்லுங்கள்.

மாணவியின் பயம் பை (π) விஷயத்தில் நிஜம். பையை அடிமானமாக வைத்தால் 0 முதல் 3 வரை இலக்கங்கள். 4-ஐ எழுதத் தொடங்கினால் முடியவே முடியாது. முடிந்தால், முழு எண் கெழுக்கள் கொண்ட ஒரு பல்லுறுப்புக்கோவைச் சமன்பாட்டுக்குப் பை தீர்வாகிவிடும். அப்படி ஒரு சமன்பாடு கிடையாது என்று 1882-ல் ஜெர்மன் கணிதவியலாளர் லிண்டெமன் நிறுவிவிட்டார். பொன் விகிதத்துக்குக் கைகொடுத்த சமன்பாடு பைக்கு இல்லை.

இன்னொரு வேடிக்கை: நமக்கு மிக எளிய அரை, பொன் விகிதத்தில் 0.010010010... என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

அவளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள். 3 என்பது 100.01. 7 என்பது 10000.0001. 18 என்பது 1000000.000001. இந்த மூன்றிலும் இரண்டே 1-கள், ஒற்றை இடத்திலிருந்து இரண்டுமே ஒரே தூரத்தில். இதே வடிவத்தில் அடுத்து வரும் முழு எண் எது என்று கால்குலேட்டர் இல்லாமல் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவள் விடையை எனக்கு எழுதி அனுப்புங்கள்.