பத்து மணி வரை உட்கார்ந்தும் கணக்கு முடியவில்லையா?

தம்பி, பஹாவ் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் கிராணி (குமாஸ்தா) வேலை, இரவு பத்து வரை உட்கார்ந்தும் கணக்கு முடியவில்லை, ஆளே ஓய்ந்துவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். குலை லாரிகள் பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தானே வரிசை கட்டும்? அப்போ காலைப்பொழுதை விடாதீர்கள். பசியாறியதும் வாட்சாப்பை மூடிவிட்டு ஒன்றரை மணி நேரம் முந்தின நாள் எடைச் சீட்டுகளை மட்டும் ஏற்றுங்கள் (மேனேஜர் கூப்பிட்டால் எழுந்துதான் ஆகணும், அது வேறு கதை). களைத்துப்போய் ராத்திரி ஏற்றினால் 5,680 என்பது 5,860 ஆகும், அப்புறம் அந்த ஒரு தப்பைத் தேடியே பாதி நாள் போகும்.

இன்னொன்று, மலேசியத் தீபகற்பத்தில் 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சட்டம். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்குள் (ரிங்கிட்) என்றால் மேற்கொண்டு செய்யும் வேலைக்குச் சாதாரண நாளில் ஒன்றரை மடங்குக் கூலி. நேரத்தைக் குறித்துவைத்துக் கேளுங்கள்.