சிமெண்ட் கப்பல்களும் அபா செருப்புகளும்

அன்புள்ள ஐயா,

ஆப்பிரிக்காவுக்கு உதவிப்பணம் கொடுத்தது போதும், இனி முதலீடு போகட்டும் என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். நைஜீரியாவில் சிமெண்ட், சர்க்கரை, இப்போது பெட்ரோல் என்று எதை எடுத்தாலும் டாங்கோட்டே என்ற ஒரே பெயர் வருகிறது. அரசாங்கம் இருந்த இடத்தில் ஒரு முதலாளி வந்து உட்கார்ந்தால் அது தற்சார்பு ஆகிவிடுமா? நான் திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் வைத்திருக்கிறேன். என்னைப் போன்றவனுக்கு அங்கே இடம் உண்டா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. ஆனால் அங்கே போக சிமெண்ட் வழியாகத்தான் போகவேண்டும். கொஞ்சம் சுற்றுவழி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1975-ல் நைஜீரியாவின் லாகோஸ் துறைமுகத்துக்கு வெளியே நூற்றுக்கணக்கான கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன. பாதிக்கு மேல் சிமெண்ட். எண்ணெய்ப் பணம் கையில் புரண்ட நேரம். ராணுவ அரசு ஏறத்தாழ 2 கோடி டன் சிமெண்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டது. அந்தத் துறைமுகத்தால் ஆண்டுக்கு இறக்க முடிந்தது சுமார் 10 லட்சம் டன். காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கப்பல்காரருக்குத் தாமதக் கட்டணம் உண்டு என்பதால், உடைக்கப் போகவேண்டிய ஓட்டைக் கப்பலில்கூட மூட்டையை ஏற்றிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். கடற்காற்றில் சிமெண்ட் கப்பலுக்குள்ளேயே இறுகிக் கல்லானது. இத்தனைக்கும் அந்த நாட்டு மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் கொட்டிக்கிடக்கிறது.

அலிகோ டாங்கோட்டே தொழிலுக்கு வந்தது இதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து. கானோ நகரத்து வணிகக் குடும்பம். கொள்ளுத்தாத்தா கோலாக்கொட்டையிலும் நிலக்கடலையிலும் சம்பாதித்தவர். கொள்ளுப்பேரனும் முதலில் வியாபாரிதான். சிமெண்டையும் சர்க்கரையையும் அரிசியையும் இறக்குமதி செய்து விற்றார். இறக்குமதியில் நல்ல காசு பார்க்கும் ஒருவர் எதற்காக ஆலை கட்டவேண்டும்? தானாகக் கட்டமாட்டார். 2002-ல் அதிபர் ஒபசான்ஜோவின் அரசு ஒரு விதி போட்டது: சிமெண்ட் இறக்குமதி உரிமம் வேண்டுமா, உள்ளூரில் ஆலை கட்டு. கட்டுகிறவனுக்கு மட்டுமே உரிமம். கூடவே வரிச்சலுகையும் கொடுத்தது. அப்படித்தான் கோகி மாநிலத்தில் டாங்கோட்டேயின் ஒபஜானா ஆலை எழுந்தது. இன்று ஆண்டுக்கு 1.6 கோடி டன்னுக்கு மேல் திறன்; ஆப்பிரிக்காவிலேயே பெரிய சிமெண்ட் ஆலை. விதி வந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஆலைகளின் மொத்தத் திறன் நாட்டின் தேவையைத் தாண்டிவிட்டது.

அதனால் ‘தனியார் சாதித்தது’ என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். வாசலில் நின்று யாரை உள்ளே விடுவது என்று தீர்மானித்தது அரசு. கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பும் கென்யாவின் எம்-பெசா சேவையும் அப்படித்தான். 2007-ல் அது தொடங்கியபோது அதை நடத்திய சஃபாரிகாம் தொலைபேசி நிறுவனத்தில் 60 சதவீதம் அரசிடம் இருந்தது. முதல் சோதனைக்கு பிரிட்டிஷ் அரசின் உதவிப்பணமும் போனது. உதவிப்பணம் வேண்டாம் என்று போன மாதம் முழங்கியவன் நான்தான், தெரியும்.

சரி, விலைக்கு வருவோம். நைஜீரியாவின் சிமெண்ட் சந்தை பெரும்பாலும் டாங்கோட்டே, லஃபார்ஜ், பி.யு.ஏ. என்ற மூன்று நிறுவனங்களின் கைக்குள் போனது. நாட்டுக்குள் தயாராகும் மூட்டை ஏன் மலிவாக இல்லை என்று அங்கே ஓயாமல் கேட்கிறார்கள். வெளியிலிருந்து போட்டி வராமல் கதவை அடைத்துத்தானே இந்த ஆலைகளை வளர்த்தார்கள்? அந்தச் செலவை வீடு கட்டுகிறவர் தருகிறார். உங்கள் சந்தேகம் இந்த இடத்தில் நியாயமானது. ஆனாலும், கப்பலில் கல்லாகிப்போன சிமெண்டோடு ஒப்பிட்டால் நான் ஒபஜானா பக்கம்தான்.

பெட்ரோல் கதை இன்னும் வேடிக்கை. கச்சா எண்ணெயை ஏற்றுமதி செய்துவிட்டு பெட்ரோலை இறக்குமதி செய்த நாடு அது. போர்ட் ஹார்கோர்ட், வாரி, கடூனா ஆகிய ஊர்களில் அரசுக்குச் சுத்திகரிப்பு ஆலைகள் உண்டு. மொத்தத் திறன் நாளொன்றுக்கு 4,45,000 பீப்பாய். பல ஆண்டுகளாக அவை பெரும்பாலும் மூடியே கிடந்தன. 2007-ல் டாங்கோட்டேயும் சேர்ந்த ஒரு முதலீட்டாளர் கூட்டணி போர்ட் ஹார்கோர்ட், கடூனா ஆலைகளின் பெரும்பங்கை வாங்கியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன, புதிய அரசு விற்பனையை ரத்து செய்தது. அப்புறம் அவர் லாகோஸ் அருகே லெக்கியில் தானே ஒன்று கட்டினார். சுமார் 2,000 கோடி டாலர், நாளுக்கு 6,50,000 பீப்பாய். 2024 ஜனவரியில் டீசல், செப்டம்பரில் பெட்ரோல். உள்ளூரில் போதிய கச்சா எண்ணெய் கிடைக்காததால், எண்ணெய் வளம் மிக்க அந்த நாட்டின் ஆலை அமெரிக்காவிலிருந்து எண்ணெய் தருவித்தது!

இப்போது உங்கள் யூனிட்டுக்கு வருகிறேன். ஒபஜானாவில் டாங்கோட்டே சொந்தமாக மின்சாரம் எடுக்கிறார், தனக்கென்று எரிவாயுக் குழாய் வைத்திருக்கிறார். லெக்கியில் மின்நிலையம், கப்பல் இறங்குதுறை எல்லாம் அவருடையவை. பொது வசதி எதுவும் இல்லாத இடத்தில் எல்லாவற்றையும் தானே கட்டிக்கொள்ள முடிந்தவர்தான் பெருந்தொழில் செய்யலாம். ஒருவர் மட்டும் இவ்வளவு பெரிதாகத் தெரிவதற்கு அவருடைய சாமர்த்தியத்தைப் போலவே இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நைஜீரியாவின் தென்கிழக்கில் அபா என்றொரு ஊர். அரியாரியா சந்தையில் ஆயிரக்கணக்கானவர்கள் செருப்பும் சட்டையும் பையும் தைக்கிறார்கள். நீங்கள் போய் நின்றால் அரை நாளில் சொந்த ஊர் மாதிரி ஆகிவிடும். கரண்ட் போனதும் கடைக்குக் கடை குட்டி ஜெனரேட்டர் இரையும். பெட்ரோலில் கொஞ்சம் ஆயில் கலந்து ஊற்றி, கயிற்றைச் சுண்டி இழுக்கவேண்டும். ‘பக்கத்து வீட்டுக்காரனுக்கு நான் தேவலை’ என்று அதற்குப் பட்டப்பெயர். ஒரு பல்பும் தையல் மெஷினும் ஓடினால் பெரிது. 2023 மே மாதம் பெட்ரோல் மானியம் போனது. 200 நைராவுக்குள் (நைரா அந்த நாட்டு நாணயம்) இருந்த லிட்டர், அடுத்த ஆண்டு முடிவதற்குள் 1,000 நைராவைத் தொட்டது. ஒரு ஜோடி செருப்புக்குள் இந்தப் பெட்ரோலும் அடங்கியிருக்கிறது. சீனாவிலிருந்து வரும் செருப்போடு அதைத் தைக்கிறவர் எப்படி மல்லுக்கட்டுவார்?

2024 பிப்ரவரியில் அபாவுக்கென்றே ஒரு தனியார் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. கட்ட நினைத்ததிலிருந்து ஏறக்குறைய 20 ஆண்டுகள். இடையில் மின்விநியோக உரிமை யாருக்கு என்ற சண்டையிலேயே வருடங்கள் போயின. லெக்கியைப் பற்றி எழுதியவர்களில் பத்தில் ஒருவராவது இதைப் பற்றி எழுதியிருப்பாரா என்பது சந்தேகம். நானே இதற்குமுன் எழுதியதில்லை.

உங்களைப் போன்றவருக்கு அங்கே இடம் உண்டா என்றால், உண்டு, ஆனால் இன்னும் கயிற்றை இழுத்துக்கொண்டுதான். அபாவில் தைத்த செருப்பில் ‘இத்தாலியில் தயாரானது’ என்ற முத்திரையைக் குத்தி விற்பது அங்கே பழைய வழக்கம். உள்ளூர்ச் சரக்கு என்றால் வாங்கமாட்டார்களாம். இப்போது சிலர் சொந்த ஊர்ப் பெயரைப் போடத் தொடங்கியிருக்கிறார்கள்.